தப்பான சூத்திரத்தால் யாருக்கு லாபம்?

அளவியல் என்றதும் நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது ஒரு அட்டவணைதான். சதுரம், செவ்வகம், முக்கோணம், வட்டம், உருளை, கூம்பு, கோளம். பக்கத்தில் சுற்றளவு, பரப்பளவு, கன அளவு. பரீட்சைக்கு முதல் நாள் அதை அப்படியே மனப்பாடம் செய்து, மறுநாள் எழுதிவிட்டு மறந்துவிடுவோம். கூம்புக்கு மூன்றில் ஒரு பங்கா, கோளத்துக்கு மூன்றில் நான்கா என்று குழப்பம் வந்தால் இரண்டு மார்க் போகும். அவ்வளவுதான்.

அந்த அட்டவணையில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இன்று சரியான சூத்திரம் இருக்கும் இடத்தில் எல்லாம் முன்பு ஏதோ ஒரு தப்பான சூத்திரம் இருந்திருக்கிறது. சில நூறு வருடங்கள் இல்லை, சில ஆயிரம் வருடங்கள்கூட! அதை வைத்து நிலம் அளந்தார்கள், தானம் கொடுத்தார்கள், மது விற்றார்கள். அப்போது தப்பான சூத்திரத்தால் போனது மார்க் இல்லை. யாரோ ஒருவருடைய நிலமும் காசும்.

நீளத்தை வைத்துப் பரப்பைச் சொன்னவர்கள்

கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். அங்கே ஒரு மன்னர் எல்லோருக்கும் சம அளவில் நிலம் பிரித்துக் கொடுத்து, ஆண்டுதோறும் வரி வாங்கினாராம். நைல் நதியில் வெள்ளம் வந்து ஒருவருடைய நிலத்தில் கொஞ்சம் அடித்துக்கொண்டு போனால், அவர் மன்னரிடம் முறையிடலாம். மன்னரின் ஆட்கள் வந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, அதற்கு ஏற்ப வரியைக் குறைப்பார்கள். வடிவியல் பிறந்தது இப்படித்தான் என்று அவர் நினைக்கிறார். அதாவது, "எனக்கு எவ்வளவு வரி குறையும்?" என்ற விவசாயியின் கேள்வி!

ஆனால் பரப்பளவு என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. நீளத்தைக் கயிறு வைத்து அளந்துவிடலாம். பரப்பை அப்படி நேராக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. அதனால் பலர் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, சுற்றளவு அதிகமாக இருந்தால் இடமும் அதிகம் என்று முடிவு கட்டினார்கள்.

இதில் மாட்டியவர்கள் சாதாரண ஆட்கள் மட்டும் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துசிடிடீஸ் பெரிய வரலாற்று ஆசிரியர். அவரே சிசிலித் தீவு எவ்வளவு பெரியது என்று சொல்ல, அதைக் கப்பலில் சுற்றிவர ஏறக்குறைய எட்டு நாள் ஆகும் என்றுதான் எழுதினார். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பொலிபியஸ் இந்தக் குழப்பத்தைக் கிண்டல் செய்கிறார். மெகலோபோலிஸ் நகரத்தின் சுற்றளவு 50 ஸ்டேடியம். ஸ்பார்ட்டாவின் சுற்றளவு 48 தான். ஆனால் ஸ்பார்ட்டாதான் இரண்டு மடங்கு பெரியது என்று சொன்னால் யாரும் நம்ப மறுக்கிறார்கள் என்கிறார்.

நீங்களே போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் சுற்றளவு 40 மீட்டர், பரப்பு 100 சதுர மீட்டர். 18 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள செவ்வகத்துக்கும் சுற்றளவு 40 மீட்டர்தான். பரப்போ வெறும் 36!

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோக்ளஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சிலர் கூட்டாக நிலம் பிரிக்கும்போது சுற்றளவு அதிகமான துண்டை மற்றவருக்குத் தந்துவிட்டு, பரப்பு அதிகமான துண்டைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்களாம். அதோடு, "பெரிய துண்டை விட்டுக்கொடுத்த நல்லவர்" என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்ததாம்! கணக்கு தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவரை ஏமாற்றியதற்கு இதைவிடத் தெளிவான பழைய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கங்களின் சராசரி

அடுத்தது கொஞ்சம் புத்திசாலித்தனமான தப்பு. நான்கு பக்கமும் வெவ்வேறு நீளத்தில் உள்ள ஒரு வயல் இருக்கிறது. என்ன செய்வது? எதிர் எதிரே உள்ள இரண்டு பக்கங்களைக் கூட்டிப் பாதி எடு. மற்ற இரண்டு பக்கங்களுக்கும் அப்படியே செய். இரண்டு பாதிகளையும் பெருக்கு. முடிந்தது!

இந்த முறை மெசபடோமியாவில் இருந்தது. எகிப்திலும் இருந்தது. எட்ஃபூ என்ற ஊரில் ஹோரஸ் தெய்வத்துக்கு ஒரு பெரிய கோயில் இருக்கிறது. தாலமி மன்னர்கள் காலத்தில், கி.மு. 237ல் தொடங்கி கி.மு. 57ல் கட்டி முடித்தது. அந்தக் கோயிலுக்குச் சொந்தமான நிலங்களின் பட்டியலைச் சுவரிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு வயலின் நான்கு பக்க நீளமும், இந்தச் சராசரி முறையில் போட்ட பரப்பும் இருக்கின்றன. முக்கோண வயல் வந்தால் அதையும் விடவில்லை. நான்காவது பக்கம் "ஒன்றுமில்லை" என்று வைத்துக்கொண்டு அதே முறையில் கணக்கு போட்டிருக்கிறார்கள்!

பக்கங்கள் 5, 5, 6 உள்ள முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 4, அதனால் உண்மையான பரப்பு 12. எட்ஃபூ முறையில் 5ம் 5ம் கூட்டிப் பாதி 5. 6ம் ஒன்றுமில்லையும் கூட்டிப் பாதி 3. பெருக்கினால் 15. இருபத்தைந்து சதவீதம் கூடுதல்.

இந்த முறையில் ஒரு விசேஷம் உண்டு. செவ்வகத்துக்கு மட்டும் சரியான விடை வரும். மற்ற எல்லா நாற்கரத்துக்கும் உண்மையைவிட அதிகமாகத்தான் வரும். குறைவாக வரவே வராது. ஏன் என்று பார்ப்பது சுலபம். நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாக வெட்டுங்கள். ஒரு முக்கோணத்தின் பரப்பு அதன் இரண்டு பக்கங்களின் பெருக்கத்தில் பாதியைத் தாண்டாது (செங்கோணமாக இருந்தால் மட்டும் சமம்). இன்னொரு மூலைவிட்டத்தால் வெட்டியும் இதையே எழுதுங்கள். இரண்டு முடிவுகளையும் கூட்டிப் பாதி எடுத்தால் அப்படியே அந்தச் சராசரிச் சூத்திரம் வந்து நிற்கும். அதாவது உண்மையான பரப்பு எப்போதும் அதற்குச் சமம் அல்லது அதைவிடக் குறைவு.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இந்த முறையில் அளந்து வரி போட்டால், தப்பு எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும். விவசாயிக்கு ஒரு வருடம் நஷ்டம், ஒரு வருடம் லாபம் என்று சமமாகிவிடாது. இல்லாத நிலத்துக்கு அவர் ஒவ்வொரு வருடமும் வரி கட்டுவார். வயல் எவ்வளவு கோணலாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகக் கட்டுவார்.

ஸ்தூலமும் சூட்சுமமும்

இந்தத் தப்பைத் தப்பு என்று பெயர் சொல்லி எழுதியவர்களில் முக்கியமானவர் பிரம்மகுப்தர். கி.பி. 628ல் அவர் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் நாற்கரத்தின் பரப்புக்கு இரண்டு விடைகள் தருகிறார். ஒன்று ஸ்தூலமான விடை. அது நாம் மேலே பார்த்த அதே சராசரி முறைதான். இன்னொன்று சூட்சுமமான விடை. நான்கு பக்கங்களையும் கூட்டிப் பாதி எடு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழி. கிடைத்த நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடு.

ஒரு சரிவகம். இணைப்பக்கங்கள் 20, 8. சாய்ந்த பக்கங்கள் இரண்டும் 10. ஸ்தூல முறையில் 14 × 10 = 140. சூட்சும முறையில், மொத்தம் 48, பாதி 24. பக்கங்களைக் கழித்தால் 4, 16, 14, 14. பெருக்கினால் 12544. வர்க்கமூலம் 112. பள்ளியில் படித்த முறையில் சரிபார்க்கலாம். உயரம் 8, இணைப்பக்கங்களின் கூடுதலில் பாதி 14, பெருக்கினால் அதே 112.

ஆனால் இந்தச் சூட்சுமச் சூத்திரத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. நான்கு முனைகளும் ஒரே வட்டத்தில் அமையும் நாற்கரங்களுக்கு மட்டுமே அது சரி. ஏனென்றால் நான்கு பக்க நீளம் மட்டும் தெரிந்தால் நாற்கரம் எது என்றே தீர்மானிக்க முடியாது. நான்கு குச்சிகளை முனையில் கட்டி ஆட்டிப் பாருங்கள், வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். கி.பி. 1150ல் லீலாவதி எழுதிய இரண்டாம் பாஸ்கரர் இதில் கடுமையாகவே பேசுகிறார். ஒரு குத்துயரமோ மூலைவிட்டமோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பு என்ன என்று கேட்பவன் ஒரு பிசாசு, அதற்குப் பதில் சொல்பவன் அதைவிடப் பெரிய பிசாசு என்ற பொருளில் எழுதியிருக்கிறார்! கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு திட்டு வாங்கும் அளவுக்கு அந்தப் பழைய முறை புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

வட்டம்: நல்ல தப்பு

எல்லாத் தப்பும் ஒரே ரகம் இல்லை. சுமார் கி.மு. 1550ல் ஆமோஸ் என்ற எகிப்திய எழுத்தர் ஒரு பழைய ஏட்டைப் பார்த்துப் படி எடுத்தார். 1858ல் ரிண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதை விலைக்கு வாங்கியதால் ரிண்ட் பாப்பிரஸ் என்று இன்று அழைக்கிறோம். அதில் விட்டம் 9 உள்ள வட்ட வயலுக்குப் பரப்பு கேட்கிறார்கள். விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழி, மீதி 8, அதன் வர்க்கம் 64. நம் சூத்திரத்தில் போட்டால் 63.62 வரும். ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை! அதே முறையை வைத்து உருளை வடிவத் தானியக் களஞ்சியத்தில் எவ்வளவு தானியம் பிடிக்கும் என்றும் கணக்கு போட்டிருக்கிறார்கள்.

பாபிலோனியாவில் சுற்றளவின் வர்க்கத்தை 12ஆல் வகுப்பது வழக்கம். அதில் சுமார் 5 சதவீதம் கூடுதலாக வரும். சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்பு என்ற சரியான விதியைக் கி.பி. 499ல் ஆர்யபட்டர் தருகிறார். தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரமும் இதே விதியைத்தான் சொல்கிறது. அதில் பரப்புக்குப் பெயர் குழி. நிலத்தை அளக்கும் அதே குழிதான்.

குளம் வெட்டினால் கூலி எவ்வளவு?

பரப்பிலேயே இவ்வளவு சிக்கல் என்றால் கன அளவில் கேட்கவே வேண்டாம். மேலே 40 அடி சதுரம், கீழே 20 அடி சதுரம், ஆழம் 6 அடி என்று சாய்வான கரையோடு ஒரு குளம் வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை கன அடி மண் எடுத்தோமோ அதற்குக் கூலி.

ஒருவர் சொல்கிறார்: மேலும் கீழும் சராசரி 30 அடி. 30 × 30 × 6 = 5400.

இன்னொருவர் சொல்கிறார்: மேல்பரப்பு 1600, அடிப்பரப்பு 400, சராசரி 1000. 1000 × 6 = 6000.

இரண்டுமே கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 600 கன அடி வித்தியாசம்! கூலி கொடுப்பவர் முதல் முறையைச் சொல்வார், வெட்டியவர் இரண்டாவதைச் சொல்வார்.

பிரம்மகுப்தர் இதற்கும் வழி சொல்லியிருக்கிறார். முதல் விடையை இரண்டாவதிலிருந்து கழி, 600. அதில் மூன்றில் ஒரு பங்கு 200. அதை முதல் விடையோடு கூட்டு. 5600. இதுதான் மிகச் சரியான விடை, இன்றைய சூத்திரத்திலும் இதுவேதான் வரும். இரண்டு தப்பான கணக்குகளையும் தூக்கி எறியாமல் இரண்டையும் வைத்தே சரியான விடையை எடுத்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இதைவிட ஆச்சரியம், சுமார் கி.மு. 1850ஐச் சேர்ந்த மாஸ்கோ பாப்பிரஸ். அதன் 14ஆவது கணக்கில் கீழே 4, மேலே 2, உயரம் 6 கொண்ட வெட்டப்பட்ட பிரமிடு வருகிறது. 4ன் வர்க்கம் 16, நான்கையும் இரண்டையும் பெருக்கி 8, 2ன் வர்க்கம் 4. கூட்டினால் 28. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு 2. பெருக்கினால் 56. துல்லியமான விடை! நம் குளத்தின் கணக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சிறிதாக்கியது போலத்தான். பாபிலோனியக் களிமண் ஏடுகள் சிலவற்றில் இதே மாதிரி வடிவத்துக்குப் பரப்புகளின் சராசரி முறை, அதாவது நம் குளத்தின் 6000 முறை, காணப்படுகிறது.

கோளம் என்ற கடைசிக் கோட்டை

ஆர்யபட்டர் பை மதிப்பை 3.1416 என்று சொன்னவர். வட்டப் பரப்பைச் சரியாகச் சொன்னவர். ஆனால் அதே செய்யுளில் கோளத்தின் கன அளவுக்கு, வட்டத்தின் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொல்கிறார். இது உண்மையைவிட சுமார் 33 சதவீதம் அதிகம். பிரமிடுக்கும் அடிப்பரப்பு, உயரம் இரண்டின் பெருக்கத்தில் பாதி என்கிறார் (சரியானது மூன்றில் ஒரு பங்கு). முக்கோணத்துக்குப் பாதி என்றால் பிரமிடுக்கும் பாதிதானே, சதுரத்தின் பக்கம் பரப்பின் வர்க்கமூலம் என்றால் கோளத்துக்கும் அப்படித்தானே என்ற ஒப்புமை இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். பெரிய மேதைக்கே இப்படி என்றால், கோளம் எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது.

சீனாவிலும் அதே கதை. ஒன்பது அத்தியாயங்கள் என்ற பழைய நூலின் கோளக் கணக்கு தப்பு என்று கி.பி. 263ல் லியூ ஹுய் கண்டுபிடித்தார். சரியான விடைக்கு மிக அருகில் போய், முடிக்க முடியாமல், திறமையானவர் ஒருவர் வரட்டும் என்று நேர்மையாக எழுதி வைத்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு சூ சோங்ஷியும் அவர் மகன் சூ கெங்கும் அதை முடித்தார்கள்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்பே, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், சிரக்கூஸில் ஆர்க்கிமிடீஸ் இதைத் தீர்த்துவிட்டார். கோளத்தைச் சரியாக உள்ளே அடக்கும் உருளையை எடுத்துக்கொண்டால், கோளத்தின் கன அளவு உருளையில் மூன்றில் இரண்டு பங்கு. புறப்பரப்பும் (மேல், கீழ் வட்டங்களையும் சேர்த்து) மூன்றில் இரண்டு பங்கு! கி.மு. 212ல் ரோமானிய வீரன் ஒருவன் அவரைக் கொன்றான். கி.மு. 75ல் சிசிலியில் அதிகாரியாக இருந்த சிசரோ, முட்புதர் மூடிக்கிடந்த ஒரு கல்லறையைக் கண்டுபிடித்தார். அது ஆர்க்கிமிடீஸுடையது என்று அவருக்கு அடையாளம் காட்டியது, மேலே இருந்த கோளமும் உருளையும்தான்.

இந்தியாவில் லீலாவதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. வட்டப் பரப்பின் நான்கு மடங்கு கோளத்தின் புறப்பரப்பு. அதை விட்டத்தால் பெருக்கி 6ஆல் வகுத்தால் கன அளவு. நம் அட்டவணையில் இருப்பதும் இதுதான்.

கெப்ளரின் மதுப் பீப்பாய்

கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த கெப்ளருக்கு 1613ல் இரண்டாவது திருமணம். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இருந்த அவர், வீட்டுக்கு மதுப் பீப்பாய்கள் வாங்கினார். விற்றவர் வந்து, பீப்பாயின் நடுவில் உள்ள துளை வழியாக ஒரு கோலைச் சாய்வாக உள்ளே விட்டு, எதிர்மூலையைத் தொட்டதும் கோலில் இருந்த குறியைப் படித்து விலை சொல்லிவிட்டார். பீப்பாய் குட்டையா நெட்டையா என்று பார்க்கவே இல்லை! ஒரே ஒரு நீளத்தை வைத்து எப்படிக் கன அளவு சொல்ல முடியும் என்று கெப்ளருக்குச் சந்தேகம்.

அவர் சந்தேகம் நியாயமானது. சுலபத்துக்காகப் பீப்பாயை உருளை என்றே வைத்துக்கொள்வோம். கோலில் 1 மீட்டர் காட்டுகிறது. நீளம் 100 செ.மீ. உள்ள பீப்பாய் என்றால் சுமார் 589 லிட்டர் பிடிக்கும். நீளம் 40 செ.மீ. மட்டும் உள்ள, தட்டையான பீப்பாய் என்றால் சுமார் 302 லிட்டர்தான். கோல் இரண்டுக்கும் ஒரே விலை சொல்லும்!

கெப்ளர் விடவில்லை. கணக்கு போட்டுப் பார்த்து, 1615ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். ஆஸ்திரியப் பீப்பாய்களின் வடிவம், கோலின் அதே அளவுக்கு அதிகபட்ச மது பிடிக்கும் வடிவத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்று கண்டார். நம் உதாரணத்தில் அந்த அதிகபட்சம் சுமார் 605 லிட்டர். அதற்கு அருகில் வடிவம் கொஞ்சம் மாறினாலும் அளவு பெரிதாக மாறாது. 589ஐயும் 605ஐயும் பாருங்கள். அதாவது அந்த ஊர்ப் பீப்பாய்க்கு அந்த ஊர்க் கோல் சரிதான். வேறு ஊர்ப் பீப்பாயை அதால் அளந்தால்தான் மோசம். பெருமத்துக்கு அருகில் மாற்றம் மிகக் குறைவு என்ற இந்தக் கவனிப்பு, பின்னால் வந்த நுண்கணிதத்தின் முன்னோடிகளில் ஒன்று.

தெரிந்தே செய்யும் தப்பு

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். மர வியாபாரத்தில் கால் சுற்றளவு முறை என்று ஒன்று இருக்கிறது. 1736ல் எட்வர்ட் ஹாப்பஸ் வெளியிட்ட அட்டவணைகளால் ஆங்கிலேயர் நாடுகளில் பரவி, இந்திய வனவியல் பாடப் புத்தகங்கள் வரை வந்த முறை. மரத்தின் சுற்றளவை நான்கால் வகுத்து, வர்க்கப்படுத்தி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்று 4 அடி, நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. உருளைச் சூத்திரத்தில் போட்டால் 12.73 கன அடி வரும். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் காணோம்!

ஆனால் இது ஏமாற்று இல்லை. உருண்டை மரத்தைச் சதுரமாக அறுக்கும்போது வீணாகும் பகுதிக்கான கழிவு என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். விலையே அதற்கு ஏற்றபடிதான் வைக்கிறார்கள்.

இந்தக் கதைகளை எல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். சூத்திரம் தோராயமாக இருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. கயிறு வைத்து வயல் அளக்கும் இடத்தில் தோராயம் இல்லாமல் வேலை நடக்காது. அது தோராயம் என்பதும், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால்தான் ஆபத்து. புரோக்ளஸ் சொன்ன நிலக் கூட்டாளியிடம் நடந்தது அதுதான். பிரம்மகுப்தர் ஸ்தூலம், சூட்சுமம் என்று இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, அந்த வித்தியாசம் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

அதனால் அடுத்த முறை அந்த அட்டவணையை மனப்பாடம் செய்யும்போது, ஒரே ஒரு சூத்திரத்துக்காவது "இது எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். கூம்பின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு கூம்பு, அதே அடியும் உயரமும் உள்ள ஒரு உருளை, கொஞ்சம் மணல் இருந்தால் போதும். மூன்று தடவை ஊற்றினால் நிரம்புகிறதா என்று பார்த்துவிடலாம். ஏன் சரியாக மூன்று என்பதற்கு மணல் பதில் சொல்லாது. அதை யோசிக்க வேண்டியது நாம்தான்.